காது மிஷினுக்குச் சுற்றிய டேப்

எங்கள் அத்தான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டால், நீங்கள் எதைச் சொன்னாலும் தப்பாகத்தான் இருக்கும். கால் கழுவ மாட்டார். என் அக்கா நீட்டுகிற டீயை வாங்க மாட்டார். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு காதிலிருந்தும் காது மிஷினைக் கழற்றி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, அலமாரியில் இருக்கும் மூடிபோட்ட டப்பாவுக்குள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைப்பார். டப்பாவின் அடியில் ஈரம் உறிஞ்சுகிற நீல மணிகள் கிடக்கும். மூடியைத் திருகிவிட்டு, "கொஞ்ச நேரம் தூங்கட்டும்" என்பார். குளித்து, தலை காய்ந்த பிறகுதான் அதுகளை எழுப்புவார். அதுவரை வீட்டில் யார் என்ன பேசினாலும் அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இந்தப் பக்குவம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. பட்டுத் தெளிந்தது. எப்படிப் பட்டார் என்பதை அவர் வாயால் சொல்ல மாட்டார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கூடவே இருந்து பார்த்தவன் நான், அதனால் நான் சொல்கிறேன்.

அத்தான் பிளம்பர். நான் அக்காவின் தம்பி. அவருக்குத் தொழில் கூட்டாளி, தேவைப்படும்போது திட்டு வாங்குகிற ஆள். எங்கள் வட்டாரத்தில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். எங்கேயாவது ஒரு குழாய் சொட்டினால் அவரால் உட்கார முடியாது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒருவரைப் பார்க்கப் போனோம். அவர் தன் ஆபரேஷன் கதையை ஆரம்பித்தார். அத்தான் பாதியில் எழுந்து கழிப்பறைக்குப் போனவர், அங்கிருந்த குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுத்தான் வெளியே வந்தார். வாஷர் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். "இனிமே நிம்மதியாத் தூங்குவாரு" என்று வேறு சொன்னார். நோயாளிக்கு உடம்புக்கு என்ன என்பதை வெளியே வந்த பிறகு என்னிடம் விசாரித்தார். தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கே இருந்தாலும் அது அவருக்கு ஜென்ம விரோதி.

இப்படிப்பட்டவருக்குக் காது மெல்ல மெல்லப் போனது. சுவரைக் குடைகிற மிஷினும் மோட்டார் அறையின் இரைச்சலும் சேர்ந்து செய்த வேலை. போனதை அவர் ஒத்துக்கொண்டால்தானே? "எல்லாரும் ஏன் இப்படி முணுமுணுக்குறாங்க? வாயைத் திறந்து பேசினா என்ன?" என்று உலகத்தின் மேல் பழியைப் போட்டார். அதன் பலனை அனுபவித்தவள் அக்கா. அவள் குரல் அடுத்த அறைக்குக்கூடப் போகாது. சின்ன வயதில் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க நான் பக்கத்தில் போய் நிற்பேன். அப்படிப்பட்டவள், உப்பு தீர்ந்துபோனதை மூன்று மாடிக்கும் அறிவிக்கிறவளாக மாறினாள். அவர்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர் வீட்டம்மா ஒருநாள் என்னைப் படியில் நிறுத்தி, "உங்க அத்தானுக்கு மலச்சிக்கல் சரியாயிடுச்சா?" என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

வேலையில் மட்டும் பெரிய தொந்தரவு வரவில்லை. எங்களுக்குள் ஒரு பாஷை இருந்தது. நான் மேல்மாடியில் இருப்பேன், அவர் கீழே வால்வு பக்கத்தில் இருப்பார். பைப்பில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால், 'தண்ணீர் வந்தாச்சு, சரி' என்று அர்த்தம். இரண்டு தட்டினால், 'உடனே மூடு.' அவர் உள்ளங்கையைப் பைப்பின் மேல் வைத்தபடி காத்திருப்பார். காது வேண்டியதில்லை, கையே கேட்டுக்கொள்ளும். இரும்புப் பைப் இருந்தவரைக்கும் எங்கள் பிழைப்பு இந்தத் தட்டிலேயே ஓடியது.

பிறகு எல்லாம் பிளாஸ்டிக் பைப் ஆனது. பிளாஸ்டிக்கில் எவ்வளவு தட்டினாலும் அடுத்த மாடிக்குப் போகாது. ஒரு புதுக் கட்டடத்தின் நான்காம் மாடிக் குளியலறையில் நான் இன்னும் ஜாயிண்ட்டைப் பொருத்தி முடிக்கவில்லை. "திறக்காதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழே அவர் நிதானமாகத் திறந்தார். தலை முதல் கால் வரை நனைந்து இறங்கி வந்த என்னைப் பார்த்து, "என்ன மச்சான், வேலை நேரத்துல குளியல்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "ஒண்ணு காதுக்கு வைத்தியம் பாருங்க, இல்லாட்டி வேற ஆளைப் பாருங்க" என்று கையிலிருந்த பைப் ரெஞ்ச்சைக் கீழே போட்டேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ, ரெஞ்ச் விழுந்தது தெரிந்தது. அக்கா என் கட்சியில் சேர்ந்தாள். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால் வராமல் என்ன செய்வார்.

காது மிஷின் பொருத்துகிற இடத்துக்கு அக்காதான் அவரைக் கூட்டிப் போனாள். அங்கே ஒரு மேடம், பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர். பரிசோதனையெல்லாம் முடித்து, காதுக்குப் பின்னால் உட்கார்கிற மாதிரி சின்ன மிஷின் இரண்டு கொடுத்தார். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் போகும். குழாயைப் பார்த்ததும் அத்தானுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டதாம். "இது என்ன அளவு டியூப் மேடம்?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன சத்தம் அது?" என்றார். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "வருஷக்கணக்கா சொட்டுது. வருஷக்கணக்கா நானும் சொல்றேன்" என்றாள். ஊரிலிருக்கும் குழாயையெல்லாம் அடைத்தவர் வீட்டுக் குழாய் ஒழுகியதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது. அத்தான் சட்டைப்பையிலிருந்து வாஷரை எடுத்தார்.

மேடம் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். அதில் முதலாவது, "தண்ணி மட்டும் உள்ள போகவே கூடாது." இதைப் போய் ஒரு பிளம்பரிடம் சொன்னால்? அவருக்கு முகம் வெளுத்துவிட்டது என்று அக்கா சொன்னாள். அதற்கு மேல் மேடம் சொன்ன எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. ஈரம் உறிஞ்சுகிற டப்பா ஒன்றைக் கொடுத்து, கழற்றும்போதெல்லாம் பேட்டரிக் கதவைத் திறந்து அதில் போடச் சொல்லியிருக்கிறார். அக்கா அதை வாங்கி வந்து பத்திரமாக, யாருக்கும் எட்டாத பத்திரமாக, பீரோவுக்கு மேலே வைத்தாள். வைத்தவள் மறந்தும் போனாள்.

தண்ணீரோடு மல்லுக்கட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் சும்மா இருப்பாரா? முதலில் காதை மூடி ஒரு குல்லா போட்டுப் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. பிறகு பிளாஸ்டிக் பையைக் காதுக்கு மேல் கட்டினார். பையின் சரசரப்பு மிஷின் வழியாகப் புயலடிக்கிற மாதிரி கேட்டதாம். அப்புறம் ஒருநாள் காலையில் வெற்றிச் சிரிப்போடு வந்து காதைத் திருப்பிக் காட்டினார். மிஷின் முழுக்க வெள்ளை டேப். ஜாயிண்ட்டின் மரையில் ஒழுகாமல் இருக்கச் சுற்றுவோமே, அதே டெஃப்லான் டேப். மரைக்குச் சுற்றுகிற அதே இழுப்பு, அதே நேர்த்தி. பேட்டரிக் கதவின் இடுக்கில் மெல்லிசாக சிலிக்கான் பசை வேறு பூசியிருந்தார். சத்தம் வாங்குகிற ஊசித்துளைக்கு மட்டும் வழி விட்டிருந்தார்.

"பேட்டரி மாத்தணும்னா?" என்று கேட்டேன்.

"பிரிச்சுட்டு மறுபடி சுத்துவேன். டேப் சுத்துறது நமக்கு என்ன புதுசா? இனிமே கடல்ல குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது மச்சான்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த வாரமே ஒரு வீட்டில் ஃப்ளஷ் டேங்க் குழாய் பிய்த்துக்கொண்டு நேராக அவர் முகத்தில் அடித்தது. முகம், தலை, சட்டை எல்லாம் தொப்பல். நான் பதறிப்போய், "கேக்குதா? அத்தான், கேக்குதா?" என்று கத்தினேன். "ஏன் கத்துற? நல்லாக் கேக்குது" என்றார். அன்று முழுக்க அவர் தலை நிமிர்ந்தே இருந்தது. வழியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்திக் காதைக் காட்டினார். எனக்கும் உள்ளூரப் பெருமைதான், மறைப்பானேன்.

பெருமை அடங்குவதற்குள் தொல்லை ஆரம்பித்தது. காலையில் நன்றாகக் கேட்கும். மதியத்துக்குள் சத்தம் மங்கும். எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும். புது பேட்டரி போட்டால் கொஞ்ச நேரத்துக்கு உயிர் வரும், மறுபடி படுத்துக்கொள்ளும். பிளம்பர் மூளை இதற்கு என்ன சொல்லும்? எங்கேயோ கசிகிறது. கசிந்தால் என்ன செய்ய வேண்டும்? இன்னும் ரெண்டு சுற்று. மிஷின் மோசமாக ஆக, அவர் டேப்பைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் காதுக்குப் பின்னால் மிஷின் இருந்த இடத்தில் ஒரு பஞ்சு உருண்டைதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் செய்தி வந்தது. அத்தானுக்கு ஒரே மகள். வேலைக்குப் போகிற வயது வந்த பிறகும் எங்களுக்கு அவள் பாப்பாதான். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குப் பயிற்சியில் இருந்தாள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போக வேண்டிய பெரிய ஜங்ஷன். பல இடங்களில் இப்போது கம்ப்யூட்டரே பேசிவிடுகிறது. அங்கே இன்னும் ஆள்தான் மைக்கில் பேச வேண்டும். பாப்பா கிளம்பிப் போன பிறகுதான் அத்தானுக்கு மிஷினே வந்தது. அதற்கப்புறம் அவளால் வீட்டுக்கு வர முடியவில்லை. போனைக் காதருகே கொண்டுபோனால் மிஷின் கீச்சென்று விசிலடிக்கும். அதனால் போனில் பேச்செல்லாம் அம்மாவும் மகளும்தான். ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொன்னாள்: திங்கட்கிழமை காலையில் முதல்முறையாக அவள் தனியாக மைக்கில் பேசப்போகிறாள்.

"அப்பாவைக் கூட்டிட்டு வாங்கம்மா. பிளாட்பாரத்துல நின்னு கேக்கச் சொல்லுங்க."

அக்கா அதை அவர் காதருகே கத்திச் சொன்னாள். அத்தான் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதன் பின்னாலேயே வந்த கலக்கத்தையும் பார்த்தேன். கலக்கம் எதற்கு என்று மறுநாள் புரிந்தது.

சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம், நடந்தால் நம் காலடியே திரும்பக் கேட்கும். வால்வை மூடச் சொல்லி நான் எவ்வளவோ கத்தியும் பதில் இல்லை. தேடிப் போனேன். உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கிற அறையில் அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு செங்கல். செங்கல்லின் மேல் டேப்போடு இரண்டு மிஷினும். கையில் பிளாஸ்டிக் பைப்பை வளைப்பதற்குச் சூடு காட்டுகிற ஹீட் கன். ஸ்விட்சைப் போட்டுவிட்டார், அது உறுமிக்கொண்டிருந்தது.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். "என்ன பண்றீங்க அத்தான்? பைப்பையே இளக்குற சூடு இது! மிஷின் மெழுகா ஓடிடும்!"

அவருக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ரெண்டுமே செத்துப்போச்சு மச்சான்" என்றார், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரலில். "உள்ள எங்கேயோ ஈரம். காய வெச்சா சரியாயிடும்னு பார்த்தேன்."

ஹீட் கன்னைக் கீழே வைத்தார். "பாப்பா ஸ்கூல்ல படிக்கிறப்ப கேட்ட குரல்தான் எனக்குத் தெரியும். கீச்சுக்குரல். அதுக்கப்புறம் அவ வாய் அசையிறதைத்தான் பார்த்தேன். திங்கட்கிழமை வண்டி பிடிக்க வர்றவன், மூட்டை தூக்குறவன், எல்லாரும் அவ குரலைக் கேக்கப் போறாங்க. பெத்தவன் நான் மட்டும் மரம் மாதிரி நிக்கணும்."

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் எழுதினேன்: 'மேடம்கிட்ட போலாம். இப்பவே.' பள்ளிக்கூடச் சுவர்தானே, புதிதாக ஒரு கிறுக்கலை யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை.

மேடம் பூட்டிக்கொண்டு கிளம்புகிற நேரம். செங்கல்லின் மேல் இருந்ததை நான் கைக்குட்டையில் வைத்து நீட்டினேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "இது என்னது?" என்றார். மிஷின் என்று சொன்னதும் மறுபடி விளக்கைப் போட்டார். இடுக்கியை எடுத்து டேப்பைப் பிரித்தார். பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். மேஜையில் வெள்ளைக் குவியல் ஏறியது.

"யாரு சுத்தினது?" என்று நிமிர்ந்தார்.

கேள்வி காதில் விழாவிட்டாலும் அத்தானுக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் மேடம். ஒரு சொட்டுகூட உள்ள போகாது" என்றார்.

"வாஸ்தவம்தான்" என்றார் மேடம் என்னிடம். "வெளியில இருந்து ஒரு சொட்டுகூட உள்ள போகல." பேட்டரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே முத்து முத்தாக ஈரம். பேட்டரி உட்காருகிற தகட்டில் பச்சையாக ஒரு பூச்சு. மெல்லிய குழாயின் நடுவில் ஒரு துளி மாட்டிக்கொண்டு நின்றது. "இதெல்லாம் அவரோட வேர்வை. காதுக்குள்ள போற குழாய் வழியா, அவர் விட்ட துளை வழியா, வேர்வை ஆவி உள்ள வந்துரும். சும்மா விட்டிருந்தா அதுவே காய்ஞ்சு போயிருக்கும். இவரு போக விடல. இந்த பேட்டரி வேற காத்தை இழுத்துத்தான் வேலை செய்யும். காத்து வர்ற வழியையும் அடைச்சிட்டாரு. ரெண்டும் மூச்சு முட்டிக் கிடக்குது."

இதை அத்தானுக்கு எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு வீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று அது காய்வதற்குள் மேலே கெட்டியாகப் பெயிண்ட் அடித்துவிட்டு, பெயிண்ட் கொப்பளித்து உதிர்ந்த பிறகு எங்களைக் கூப்பிட்டவர். "ஈரத்தை உள்ள வெச்சுப் பூட்டினா சுவர் என்னங்க பண்ணும்?" என்று அத்தான் அந்த மனிதரைப் பிடிபிடி என்று பிடித்தார். காகிதத்தில், 'ஈரச் சுவர் மேல பெயிண்ட் அடிச்சாரே, அவரை ஞாபகம் இருக்கா?' என்று எழுதி நீட்டினேன்.

அத்தான் படித்தார். மேஜையில் குவிந்திருந்த டேப்பைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். அப்புறம் தலையில் பட்டென்று அடித்துக்கொண்டார். "அந்தாளை என்னமா திட்டினேன்!" என்றார். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேடம் சின்ன பிரஷ்ஷால் பச்சையைச் சுரண்டி, ரப்பர் குமிழை அழுத்திக் குழாயில் மாட்டியிருந்த துளியை ஊதி வெளியே தள்ளினார். மாற்றிக் கொடுக்க அவர் கையில் வேறு மிஷின் இல்லை. "ஏற்கெனவே டப்பா ஒண்ணு குடுத்தேனே, எங்க?" என்று கேட்டார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "பீரோ மேல இருக்கு" என்று ஈனசுரத்தில் பதில் வந்தது. அதுவும் அக்காவின் பழைய குரலில்.

"திங்கட்கிழமை காலை வரைக்கும் டப்பாவைத் திறக்காதீங்க" என்றார் மேடம். "சூடு காட்டக் கூடாது, வெயில்லகூட வைக்கக் கூடாது. தானாத்தான் காயணும். காய்ஞ்சா ஒண்ணாவது பிழைக்கும்னு நினைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நானும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். டப்பாவின் கண்ணாடி வழியாக மணிகளின் நிறம் தெரிந்தது. ஈரத்தைக் குடிக்கக் குடிக்க நீலம் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு மாறும் என்று மேடம் சொல்லியிருந்தார். மாறியது. "குடிக்குது மச்சான், நல்லாக் குடிக்குது" என்று சந்தோஷப்பட்டார். மூடியைத் திறந்து பார்க்கக் கை நீட்டியபோதெல்லாம் அக்கா கையில் ஒரு அடி போட்டாள். டேப்புக்காக அவரையும் பீரோவுக்காகத் தன்னையும் மாறி மாறித் திட்டிக்கொண்டாள். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. "நீ சொல்றது நியாயம்தான்" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார். சாயங்காலம் சட்டைப்பையில் இருந்த டேப் உருளையை எடுத்து என் கையில் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும்." அவர் தொழிலுக்கு வந்ததிலிருந்து அந்தப் பையில் டேப் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விடியும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தான் டப்பாவையும் புது பேட்டரிகளையும் எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "யாரும் வராதீங்க" என்றார். கூடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மேலே பாத்திரம் வைக்க மறந்து நின்றாள். நனைந்த நாளில் வந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அந்த மனிதனுக்கு ஒரு காதாவது கேட்டால் போதும், இன்னும் எத்தனை மாடியில் வேண்டுமானாலும் நனைகிறேன் என்று தோன்றியது.

அது பழைய கட்டடம். உள் அறையிலிருந்து கூடத்து மூலை வழியாக இரும்புப் பைப் ஒன்று மேலே போகும். திடீரென்று அதில் ஒரு சத்தம். டங்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். இன்னொரு தட்டு வருமா? இரண்டு என்றால் மூடு, முடிந்தது. உள்ளங்கையைப் பைப்பின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. இன்னும் காத்திருந்தேன். வரவேயில்லை.

"என்னடா அது?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணுதான் அக்கா. ஒண்ணுன்னா வந்தாச்சு."

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்தது. "இடது பக்கம் மட்டும்தான்" என்றார் அத்தான். "வலது அப்படியே கிடக்குது. பரவாயில்லை. நான் தட்டினது எனக்கே கேட்டுச்சு மச்சான்." முகமெல்லாம் சிரிப்பு. அந்த வலது மிஷின் பிறகு ரிப்பேருக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்தது. அன்றைக்கு அதைப் பற்றி யாரும் நினைக்கக்கூட இல்லை.

கிளம்புகிற நேரத்தில் மழை வலுத்தது. நான் டேப் கேட்பாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. மிஷினைக் கழற்றி, துடைத்து, மறுபடி டப்பாவில் போட்டு, டப்பாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அக்கா கையில் கொடுத்தார். குடை இருந்தும் பஸ் ஏறுவதற்குள் மூன்று பேரும் நனைந்தோம். டப்பா மட்டும் சொகுசாக வந்தது.

ஜங்ஷனில் இறங்கியதும் அத்தான் பிளாட்பாரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்தார். மகளைத் தேடவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எங்கே ஒழுகுகிறது, எந்த மழைநீர்க் குழாயின் ஜாயிண்ட் விட்டிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் ஒரு உச்சுக் கொட்டினார். கடைசியில் ஒரு சொட்டும் விழாத இடத்தைப் பிடித்தார். தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி. துண்டால் காது, கழுத்து, தலை எல்லாம் துடைத்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து மிஷினை எடுத்து மாட்டினார். மேலே அண்ணாந்து, "அந்த மைக் பெட்டிக்குள்ள வொயர் போற ஓட்டையைப் பாரு. சாரல் அடிச்சா உள்ள போயிடும். டேப்பைக் குடு" என்றார்.

"குடுக்க மாட்டேன்" என்றேன்.

ஒரு நொடி என்னை முறைத்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒலிபெருக்கி கரகரத்தது. அத்தான் சிரிப்பை நிறுத்தினார். கை தானாகப் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டது. ஒரு பெண் குரல் பேச ஆரம்பித்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அந்தக் குரலோடு சேர்ந்து அசைந்தது. கண் நிறைந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. அறிவிப்பு முடிந்தபோது அதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பெட்டியும் குடும்பமுமாக ஒருவர் அவசரமாக என்னிடம் வந்தார். "சார், என்ன சொன்னாங்க? இந்த மழையில ஒண்ணும் புரியல."

நான் விழித்தேன். அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது பிளாட்பாரத்துக்கு வர வேண்டிய வண்டி இன்னிக்கு அஞ்சாவதுக்கு வருது" என்றார் அத்தான். "இருபது நிமிஷம் லேட்டு. மேம்பாலத்துல ஏறிப் போங்க. ஓடாதீங்க, படி வழுக்கும்."

"படி வழுக்கும்னும் சொன்னாங்களா?"

"அது நான் சொல்றது."

அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு மேம்பாலத்துக்குப் போனார். பக்கத்தில் நின்றவர்களும் மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனார்கள். ஒரு கூட்டமே எங்கள் அத்தானின் காதை நம்பிப் படியேறியது.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் இடது பக்கத்தில் போய் நின்றாள். வழக்கம்போலக் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. அந்த மழைச் சத்தத்தில் எனக்கே சரியாக விழாத அளவுக்கு மெதுவாக, "எப்படி இருக்கு அவ குரல்?" என்று கேட்டாள்.

அத்தான் உடனே திரும்பினார்.

"உன் குரல்தான்" என்றார். "என்னால நீ கத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருந்துச்சே, அது."

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மேலே ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. அத்தான் கையை உயர்த்தினார். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்று கேட்டோம்.